பாக் இத்ரிஸ் நீட்டிய தட்டு

இதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. தேதி, கிழமை, மணி எல்லாம் சரியாக இருக்கும். அந்த வாரம் முழுக்க நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடந்தது இல்லை. மதியம். சாப்பாட்டு நேரம்.

1971-ஆம் வருடம். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழன். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் எஞ்சின் செய்யும் ஒரு கம்பெனியில் படம் வரைபவனாக வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குப் பிறகுதான் நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆபீஸ் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாவது மாடி. முன்னால் கால்வாய். பின்னால் நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம். வேலையில் எனக்குக் குறை இல்லை. சாப்பாடுதான் பிரச்சினை. கான்டீனில் வேகவைத்த உருளைக்கிழங்கு, புளித்த கோஸ், பன்றி இறைச்சி. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. சீனன் கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு வேளை சாப்பிட்டால் மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டும். நான் தினமும் ரொட்டியில் மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து தின்பேன். மூன்று மாதத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

அதே கட்டடத்தில் கீழ்மாடி சோதனைக்கூடத்தில் கோபாலன் இருந்தார். திருச்சிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். உலோகம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன நடேசன், டெய்லி இதுதான் லஞ்சா?"

"வேற என்ன கிடைக்குது சார் இங்க?"

"நீங்க மலேசியாதானே? வாங்க என்கூட."

பின்கதவு வழியாக முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அங்கேயே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. பெலாச்சான்! இறால் கருவாட்டை அரைத்துக் கட்டி, நெருப்பில் சுட்ட வாசனை. ஐரோப்பாவில் அந்த வாசனை எனக்குக் கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

முற்றத்தின் மூலையில் ஆறு படி கீழே இறங்கினால் ஒரு நிலவறை. அதற்கு ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில், படியடியில் நிற்பவரின் நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு மலாய்க்காரர். பாக் இத்ரிஸ். வயதில் பெரியவரை மலாயில் 'பாக்' என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் கம்பளித் தொப்பி. கப்பல் சமையல்காரராக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் ஹாம்பர்க்கில் இறங்கினார், கப்பல் போய்விட்டது, இவர் தங்கிவிட்டார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஊர் தைப்பிங் என்று சொல்வார். வீட்டைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. பொரித்த நெத்திலி, வெள்ளரிக்காய், பாதி முட்டை. மேலே ஒரு கரண்டி சம்பல். கான்டீன் சாப்பாட்டின் பாதி விலை. வெள்ளிக்கிழமை மீன் குழம்பு. மாலுமிகள், மூட்டை தூக்குபவர்கள், நாங்கள் இருவர் என்று தினம் பத்துப் பதினைந்து பேர் வருவோம்.

சம்பலை அவர் மெஷினில் அரைக்க மாட்டார். சின்னக் கல்லுரலில் போட்டு இடிப்பார். சரியாகப் பதினொன்று நாற்பதுக்கு ஆரம்பிக்கும். டொக்… டொக்… டொக்… என்று எங்கள் மூன்றாவது மாடிவரை கேட்கும். எனக்கு வாயில் எச்சில் ஊறும்.

"ஈப்போ பையா, இன்னிக்கு முட்டை முழுசு," என்பார் சில நாள். மலாயில்தான் பேசிக்கொள்வோம். தட்டை எப்போதும் வலது கையால் நீட்டுவார், இடது கை வலது மணிக்கட்டைத் தொட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் மரியாதை அது. இடது கையால் ஒருவருக்குச் சோறு கொடுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

கோபாலன் ஒருநாள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவர்கிட்ட பேப்பர்ஸ் ஒண்ணும் கிடையாது, நடேசன். ஆபீஸ்ல யார்கிட்டயும் அவரைப் பத்திப் பேச வேணாம்."

நான் பேசவில்லை. நான் செய்தது வேறு.

டிசம்பர் முதல் வாரம். எங்கள் பிரிவுத் தலைவர் ஹெர் ஃபோஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தார். கீழே இருந்து வரும் நாற்றம் தாங்க முடியவில்லை, கட்டடச் சொந்தக்காரர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு மேசையாகப் போனது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி மேசை என்னுடையது.

"நீ அங்கே சாப்பிடுவது இல்லையே?" என்று கேட்டார் ஃபோஸ். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

பேனாவை நீட்டினார். என் சோதனைக் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது.

போட்டேன்.

அன்று மதியமும் நான் கீழே போய்ச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பாக் இத்ரிஸ் எனக்கு அன்று முழு முட்டை வைத்தார்.

டிசம்பர் 13, திங்கட்கிழமை. காலை 9.15. முற்றத்தில் நகராட்சி ஆட்கள் நான்கு பேர் வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் தட்டினார்கள். ஒருவன் உள்ளே போனான், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து தலையை ஆட்டினான். ஆள் இல்லை என்று அர்த்தம். கதவைச் சாத்தினார்கள். வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அதன் மேல் குறுக்காக ஒரு தாளை ஒட்டி முத்திரை குத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே மூன்று பலகைகளை வைத்து ஆணி அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாக் இத்ரிஸ் முன்பே தெரிந்துகொண்டு எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைக்க எனக்குச் சௌகரியமாக இருந்தது. கோபாலன் ஊரில் இல்லை. சோதனை வேலையாக கார்ல்ஸ்ரூஹே போயிருந்தார், ஒரு வாரம். அதுவும் சௌகரியம்தான்.

மறுநாள் செவ்வாய். டிசம்பர் மாதம் ஹாம்பர்க்கில் மதியம் என்று பெயர்தான். வெளிச்சமே இருக்காது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வரைந்துகொண்டிருந்தேன்.

டொக்…

பென்சில் நின்றது.

டொக்… டொக்…

கடிகாரத்தைப் பார்த்தேன். 11.40.

நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். யாரும் தலையைத் தூக்கவில்லை. ஃபோஸ் மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஹீட்டர் குழாய். குளிர் வந்தால் இப்படித்தான்."

குழாய்ச் சத்தம் எனக்குத் தெரியும். அது டங் என்று இரும்பாக இருக்கும். இது கல். ஆனால் பழைய வேகம் இல்லை. ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவே ரொம்ப நேரம் ஆனது. பன்னிரண்டு மணிக்கு நின்றுவிட்டது.

அன்று நான் கீழே போகவில்லை. கான்டீனுக்குப் போனேன். ஃபோஸ் தன் மேசையில் எனக்கு இடம் கொடுத்தார்.

புதன்கிழமை. 15-ஆம் தேதி. சத்தம் கேட்கவில்லை. 11.40 தாண்டியது. 11.50. 12.00. மனசு கொஞ்சம் லேசானது. ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, ரொட்டி வாங்கலாம் என்று பின்கதவு வழியாக இறங்கினேன்.

12.05.

முற்றத்தில் யாரும் இல்லை. பனிமூட்டம். மூலையில்… மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

ஜன்னல் திறந்திருந்தது.

எனக்கு முதலில் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. விட்டுவிட்டார்கள், திரும்பத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். வேகமாகப் போனேன்.

"பாக்!"

உள்ளே நின்றுகொண்டிருந்தார். அதே கம்பளித் தொப்பி. விளக்கு அவருக்கு ஒரு பக்கமாக இருந்தது. முகத்தில் பாதிதான் தெரிந்தது. மறுபாதி இருட்டு.

தட்டை எடுத்தார். சோறு வைத்தார். சம்பல் வைத்தார். மெதுவாக… ரொம்ப மெதுவாக.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வாசனை இல்லை.

சம்பல் கண் முன்னால் இருக்கிறது. ஓரடி தூரம்கூட இல்லை. மூக்கில் ஒன்றுமே ஏறவில்லை. சோற்றிலிருந்து ஆவியும் வரவில்லை. என் வாயிலிருந்துதான் ஆவி வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

தட்டை நீட்டினார்.

இடது கையால்.

எனக்குச் சுருக்கென்றது. தெரிந்துவிட்டது இவருக்கு, நான் கையெழுத்துப் போட்டது தெரிந்துவிட்டது, அதனால்தான் அவமானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். வலது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை அசைக்கவே இல்லை.

"பாக், நான் வேணும்னு செய்யல… வேலை போயிடும்னு…"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "மா…" என்றார். "மா… மா…"

மாக்கான். சாப்பிடு என்கிறார் என்று நினைத்தேன்.

தட்டு என் நெஞ்சுக்கு நேராக நீண்டு நின்றது. நான் வாங்கவில்லை. எனக்குக் கோபம். வெட்கம். திரும்பி நடந்தேன். படியேறினேன். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. முற்றம் முழுக்கத் தெரியும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன்.

வெளிச்சம் இல்லை.

பலகை மூன்றும் அப்படியே இருந்தன. ஆணியோடு.

பலகை மேல் உறைபனி. வெள்ளையாக. யார் கையும் படாமல்.

முற்றத்துத் தரையிலும் பனி இருந்தது. என் காலடி மட்டும் போய்த் திரும்பியிருந்தது.

எப்படி மூன்றாவது மாடி ஏறினேன் என்று தெரியாது. கை கழுவும் இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். மணி 12.20.

மறுநாள் வியாழன். வேலைக்கே போக வேண்டாம் என்று இருந்தது. போகாமல் இருந்தால் ஃபோஸ் குறித்துக்கொள்வார். போனேன்.

11.40.

டொக்.

நீண்ட இடைவெளி.

டொக்.

எண்ணினேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது. பக்கத்து மேசைக்காரன் சீட்டியடித்துக்கொண்டே வரைந்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. இறங்கிப் போனேன். ஆறு படி. கதவு. தாழ்ப்பாள். குறுக்கே முத்திரைத் தாள். கிழியவில்லை, சுருங்கவில்லை. மணி 11.55.

காதைக் கதவில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

விரலால் தட்டினேன். ஒரு தட்டு.

உள்ளேயிருந்து…

டொக்.

ஒரே ஒரு முறை.

"பாக்?"

டொக். டொக்.

தரையில் ஏதோ உராய்ந்தது. கனமான ஏதோ. இழுபடுவதுபோல. கதவை நோக்கி. நின்றது. மறுபடி இழுபட்டது…

என் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்தால் போதும். ஒரு சாண் அகலத் தாள்.

கிழித்தால் கேள்வி வரும். யார் கிழித்தது, ஏன், அவனை உனக்கு எப்படித் தெரியும். தினமும் அங்கே சாப்பிட்டவனா நீ? அப்படியானால் கையெழுத்து? இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. அதற்குப் பிறகுதான் நேற்றைய பலகை நினைவுக்கு வந்தது. பனி நினைவுக்கு வந்தது. உள்ளே இருப்பது மனிதன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சத்தம் கேட்கவில்லை. சனி, ஞாயிறு அறையிலேயே கிடந்தேன்.

20-ஆம் தேதி, திங்கட்கிழமை. கோபாலன் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். 12.10-க்கு வழக்கம்போல முற்றத்துக்குப் போயிருக்கிறார். பிறகு மூன்றாவது மாடிக்கு ஓடிவந்தார். எல்லோர் முன்னாலும், தமிழில்.

"என்ன இது? கதவுல சீல் வச்சிருக்கு! பாக் எங்க?"

"தெரியல சார். போயிட்டாருன்னு…"

"எங்க போவார் அவர்? அவருக்குப் போக இடம் இருக்கா?"

ஃபோஸ் எழுந்து வந்தார். கோபாலன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"சைன் பண்ணினியா?"

முதல் முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்தேன்.

அவர் கீழே போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். தாழ்ப்பாளைத் தள்ளினார். கதவு தொட்டதும் திறந்துகொண்டது. பூட்டே இல்லை.

ஆனால் முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது.

பாக் இத்ரிஸ்தான். கதவடியில் கிடந்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னதைக் கோபாலன் சோதனைக்கூடத்தில் சொல்லி, அது மாடி மாடியாக ஏறி எங்களிடம் வந்தது. ஆட்கள் வந்த சத்தம் கேட்டதும் பின்னால் மூட்டை வைக்கும் அறையில் ஒளிந்திருக்கிறார். போலீஸ் என்று பயந்திருப்பார். அவர்கள் தாழ்ப்பாள் போட்டுப் போன பிறகு பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போயிருக்கும். இடது கையில் உரலின் சின்ன உலக்கை இருந்ததாம்.

வலது பக்கம் என்று கேட்டபோது, புதன்கிழமை தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. அதோடு ஒரு சமாதானமும் வந்தது. திங்கட்கிழமையே செத்திருப்பார். செவ்வாய் கேட்டது, புதன் பார்த்தது, வியாழன் இழுபட்டது எல்லாம் அவருடைய ஆவி. செத்தவரை நான் என்ன செய்து காப்பாற்றியிருக்க முடியும்?

எப்போது இறந்தார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். போலீஸ் வந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தபோது, ஹீட்டர் குழாய் என்றார் ஃபோஸ். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நான்கு மாலுமிகளும் கோபாலனும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜனவரியில் எனக்கு வேலை நிரந்தரமானது. கோபாலன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மார்ச்சில் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

கட்டடத்தில் நான் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எந்தச் சத்தமும் கேட்டதில்லை. எதையும் பார்த்ததில்லை. பேய்க்கதை என்று நண்பர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன். எல்லோரும் பயந்து ரசிப்பார்கள்.

1978 ஏப்ரலில் லீவில் ஈப்போ போயிருந்தேன். ஒரு மாலை, சுமார் ஐந்து மணி. ஒரு மலாய்ப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தைப்பிங்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அப்பா இறந்த பேப்பர். ஆறு வருஷமா வச்சிருக்கேன். படிக்க ஆளில்லை," என்றாள். பெயர் ரொஹானி.

தாளை வாங்கினேன். இத்ரிஸ் என்ற பெயரைப் பார்த்தேன். எழுத்துகள் ஆடின.

இரண்டு தாள். ஒன்று இறப்புச் சான்றிதழ். மற்றது டாக்டரின் அறிக்கை. பக்கவாதம். அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாமை, குளிர். கால் முட்டிகளில் சிராய்ப்பு. எழுந்து நின்றிருக்க வாய்ப்பே இல்லை என்று ஒரு வரி. நேரத்தில் பார்த்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று இன்னொரு வரி.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்."

"எந்த நாள்?"

"டிசம்பர் 13. திங்கட்கிழமை."

அவள் அந்தத் தேதியை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். வருடா வருடம் அன்றைக்குத் தொழுகை வைக்க வேண்டும் என்றாள். எனக்கு நன்றி சொன்னாள். குனிந்து, வலது கையால் என் கையைத் தொட்டுத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

தாளில் ஜெர்மன் சொற்களில் எழுதியிருந்த தேதி டிசம்பர் 17. வெள்ளிக்கிழமை, மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள்.

நான் அவரை ஜன்னலில் பார்த்தது புதன்கிழமை.